பட்டியலில் அடுத்த பெயர்

சனிக்கிழமை காலை, ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போது, ஹாலிஸ் எழுதிய கடிதம் ஹாலிஸுக்கே திரும்பி வந்தது. கணுக்காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தவனிடம் தபால் அறையில் வேலை பார்க்கும் கோப் நேரில் கொண்டுவந்தான். “உக்காந்துக்கடா மொதல்ல,” என்றான். ஹாலிஸ் உட்கார்ந்துதான் இருந்தான். உறையில், போர்முனைக்குப் போயிருந்த டெல்மரின் பெயரைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். முத்திரை கோணலாக விழுந்திருந்தது. எந்தக் குமாஸ்தாவுக்கு என்ன அவசரமோ. உறையைப் பிரித்ததும் பத்திரிகைத் துண்டு ஒன்று தரையில் விழ, கோப் குனிந்து எடுத்துக் கொடுத்தான். முகாமின் ஃபுட்பால் அணி முப்பத்தொன்றுக்கு ஆறு என்று ஜெயித்த செய்தி. டெல்மர் கேட்டதுதான். ‘என் பக்கத்துக் கட்டில்காரன் டீம்ல இருக்கான்னு இங்க எல்லார்கிட்டயும் பீத்தி வச்சிருக்கேன். ஜெயிச்சா வெட்டி அனுப்பு, தோத்தா மூஞ்சியிலயே முழிக்காத’ என்று எழுதியிருந்தான். படிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான், பாவி.

அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில் அந்த ராணுவ முகாமுக்கு வேலை ஒன்றுதான். ஆட்களைப் பழக்கிக் கடல் தாண்டிப் போருக்கு அனுப்புவது. திங்கள்தோறும் நாற்பது பெயர். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவன் ஹாலிஸ். கையில் பந்தேந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால்மேல் கர்னலுக்குப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. சீசன் முடியும்வரை தன் ஆட்டக்காரர்கள்மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆட்டக்காரன் முறை வந்தால் அவனைத் தாண்டி அடுத்தவன் பெயரைத் தட்டச்சில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பரில் ஹாலிஸின் முறை வந்தது. அவனும் டெல்மரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், அடுத்தடுத்த எண், அடுத்தடுத்த கட்டில். தன்னைத் தாண்டி டெல்மரின் பெயரை ஹாலிஸ் தன் விரல்களாலேயே அடித்தான். “என் நேரம்டா,” என்றபடி டெல்மர் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான் அன்று மாலை. ஹாலிஸ் ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டெல்மர் சிரித்திருப்பான், அதை எப்படித் தாங்குவது?

இந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் புத்தாண்டுக்கு டெக்சாஸில் பெரிய ஆட்டம், சீசன் இன்னொரு மாதம் நீளும். தோற்றால் திங்கட்கிழமையே எல்லார் பெயரும் பட்டியலில். அணியில் இது தெரியாதவன் இல்லை. ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். ஹாலிஸ் முன்வரிசைக்காரன், முதுகில் எண் அறுபத்தொன்று. பந்தைத் தொடுகிற பாக்கியமெல்லாம் அவனுக்குக் கிடையாது. பந்தை அணைத்துக்கொண்டு பின்னால் வருகிறவனுக்காக எதிராளியை மோதிச் சாய்த்து வழி திறந்துவிட வேண்டும். கடைசி நிமிடம், ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தார்கள், எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் பாக்கி, தாண்டினால் ஆறு புள்ளி. சறுக்கி விழுந்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. இத்தனை சேற்றில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பந்து நகர்ந்ததும் உடம்பு தன்னால் பாய்ந்தது. எதிரே நின்றவன் மல்லாந்து விழுந்தான், அந்த இடைவெளியில் பந்து கோட்டைத் தாண்டியது. அணித்தலைவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான். “இன்னும் ஒரு மாசம்டா, இன்னும் ஒரு மாசம்.” ஹாலிஸுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கேவலத்தை நினைத்து ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரையே அடித்துக் கொண்டுபோய் வைத்தான். அலுவலகப் பொறுப்பிலிருந்த சார்ஜன்ட் மக்கிவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்ன இது?”

“என் பேரு சார்.”

“அது எனக்குத் தெரியாதா? இங்க என்ன பண்ணுதுன்னு கேக்குறேன்.”

“செப்டம்பர்லயே வந்த பேரு சார். டெல்மர் செத்துட்டான்.”

சார்ஜன்ட் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பெயரின்மேல் நிதானமாகக் கோடு இழுத்தார். “உன்ன அனுப்பிட்டு கர்னல் முன்னாடி நான் போய் நிக்கணுமா? நீ போனாலும் நாப்பது, போகாட்டியும் நாப்பது. அடுத்தவன் யாருன்னு பாத்து வேற தாள் சொருகு, போ.”

ஹாலிஸ் பதிவேட்டைப் புரட்டினான். அடுத்து முறை வந்திருந்தவன் எவரெட் கோப், தபால் அறை. மறுபடி உள்ளே போய்க் கதவருகே நின்றான். சார்ஜன்ட் தலையைத் தூக்கவில்லை. திரும்பி வந்து அடித்தான். கோப் என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கே எழுத்து.

செவ்வாயும் புதனும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தபால் அறைக்குப் போனான். இரண்டு முறையும் தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினான். “யாருக்குடா இவ்வளவு கடுதாசி? பொண்ணு கிண்ணு மாட்டிருச்சா?” என்று கோப் கேலி செய்தான்.

வியாழக்கிழமை பயிற்சியின்போது லாரிகள் மைதானத்தை ஒட்டி ரயிலடிக்குப் போயின. பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கோப் எழுந்து நின்றான்.

“ஏய், அறுபத்தொண்ணு! டெக்சாஸ்ல ஜெயிச்சா எனக்கும் ஒண்ணு வெட்டி அனுப்புடா.”

ஹாலிஸ் கையைத் தூக்கினான். பயிற்சிக்காகப் பட்டை சுற்றிய கை. லாரி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் திரும்பும்வரை கோப் தொப்பியை ஆட்டிக்கொண்டே போனான். பயிற்சியாளர் விசில் ஊதினார். இறக்க மறந்த கையைப் பார்த்து இரண்டாம் முறையும் ஊதினார். ஹாலிஸ் வரிசையில் தன் இடத்துக்குப் போய்க் குனிந்து, விரல்களைச் சில்லிட்ட சேற்றில் ஊன்றினான்.