ஒரு பேச்சுக்குச் சொன்ன மெத்தை

கலியாணசுந்தரம் அந்த மெத்தையை வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்ட துரை ஒரே ஒரு தடவை கேட்டாரே, அதுதான் தப்பு.

நம் வீடுகளில் காப்பி வேண்டுமா என்று கேட்டால் என்ன நடக்கும்? முதல் தடவை, "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்." இரண்டாம் தடவை, "எதுக்குங்க வீணா சிரமம்?" மூன்றாம் தடவை, "சரி, பாதி கிளாஸ் போதும்." முழு கிளாஸ் வரும், மிச்சம் வைக்காமல் குடிப்போம். கொடுக்கிறவருக்கும் விஷயம் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். வெள்ளைக்காரருக்கு மட்டும் தெரியாது. நாட்டையே ஆண்டவர்கள், இதைக் கற்றுக்கொள்ளாமலே கப்பலேறிவிட்டார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம் அது. நில அளவை துரை ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டிகளைக் கட்டி முடித்த பிறகு, லேண்ட்ரோவரின் கூரையைத் தட்டிக் காட்டி, டிரைவர் கலியாணசுந்தரத்திடம் மலாய் பாஷையில் கேட்டார்: அந்த மெத்தை உனக்கு வேண்டுமா?

"வேண்டியதில்லை துவான்," என்று கலியாணசுந்தரமும் மலாயிலேயே சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார்.

"சரி," என்றார் துரை. கைகுலுக்கினார். போய்விட்டார். மெத்தை அலுவலக வண்டியோடு தங்கிவிட்டது.

அந்த மெத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டோரம் எல்லைக்கல் நடப் போகும்போது பாம்புக்கும் அட்டைக்கும் பயந்து, துரை தன் சொந்தச் செலவில் வண்டிக் கூரைமேல் ஒரு கூடாரம் செய்து வைத்திருந்தார். பார்க்க ஒரு பெரிய பலகைப் பெட்டி. நாலு கொக்கியைக் கழற்றி மூடியைத் தூக்கினால் கித்தான் விரிந்து நிற்கும்; பின்பக்கம் ஏணி தொங்கும். உள்ளே நாலங்குல ரப்பர் மெத்தை, சீமையிலிருந்து வந்தது. நம் ரப்பர் தோட்டத்துப் பால்தான், கப்பலேறிப் போய் மெத்தையாகத் திரும்பி வந்திருந்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். துரை நாலு வருஷமும் இடதுபக்கம் தனியாகப் படுத்தார். கலியாணசுந்தரம் கீழே, முன் சீட்டில், கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் காலுமாக நாலு வருஷம் படுத்தார்.

தினமும் காலையில் மேலே ஏறி விரிப்பை மடிப்பது அவர் வேலை. இடதுபக்கம் துரை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வலதுபக்கம் கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த மாதிரி மேடாக இருக்கும். அந்த மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரும்.

பூங்காவனம் கல்யாணம் ஆகும்வரை தோட்டத்தில் பால்வாளி சுமந்தவள். இரண்டு வாளி, அவற்றைத் தொங்கவிடத் தோளில் ஒரு காண்டாக் கம்பு, மேடும் பள்ளமுமாக நடை. கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்கிற குடியிருப்புக்குப் பின்சந்தில் குடியிருந்தும் அந்த வாளிகள் அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. காலையில் பாயிலிருந்து எழ வேண்டுமென்றால் முதலில் ஒருக்களித்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு முருகனைக் கூப்பிட்டு எழ வேண்டும். டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார், தரையில் படுக்காதே, மெத்தையில் படு என்று.

நடந்ததைக் கலியாணசுந்தரம் வந்து சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கேட்டாரு. நீங்க வேணாம்னுட்டீங்க."

"மறுபடி கேப்பாருன்னு நெனச்சேன் புள்ள."

"அவரு என்ன ஒங்க மாமனா, கையப் புடிச்சுக் கெஞ்சறதுக்கு? வெள்ளக்காரன் கேட்டா கேட்டதுதான். நாலு வருசம் கூடவே சுத்துனீங்களே, இதுகூடத் தெரியலையா?" அவள் கண் கலங்கிவிட்டது. மெத்தைக்காகக் கலங்குவதா என்று வெட்கப்பட்டு அடுப்பை ஊதினாள். "இனிமே யாரு எதக் கேட்டாலும், கேட்டு வாய மூடறதுக்குள்ள சரின்னு சொல்லணும். சொல்லுவீங்களா?"

சொல்லுவேன் என்றார் அவர். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் இரண்டு தடவை ஒத்திகைகூட நடந்தது.

ஜூலையில் துரை இடத்துக்கு அடைக்கப்பன் வந்தார். செட்டிநாட்டுக் குடும்பம், டவுனில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். படித்தவர், முப்பது வயது, யாரையும் நீங்க என்று கூப்பிடுகிற மனிதர். இன்னும் ஒரு மாதத்தில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது. அதற்கு முன்பே நம் ஆள் ஒருவர் துரை நாற்காலியில் உட்கார்ந்ததில் கலியாணசுந்தரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நம் ஆளென்றால் மூன்று தடவை கேட்பாரே!

அடைக்கப்பன் ஏணியில் ஏறிப் பார்த்தார். பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளக்காரன் படுத்த குழியிலே நான் படுக்கிறதா, கலியாணசுந்தரம்? நாடு நம்ம கைக்கு வரப்போவுது. நம்ம ஊரு இலவம்பஞ்சுலே நல்லதா ஒண்ணு தைக்கச் சொல்லுங்க. என் செலவு."

மெத்தை தைக்கிற மருதமுத்து அதே தெருவில்தான் இருந்தார். அவர் நீள அகலத்தை மட்டும் அளந்துகொண்டார். உயரத்தை அவர் எந்த மெத்தைக்கும் அளந்ததில்லை. பஞ்சு எப்படியும் அமுங்கும், அதனால் எட்டங்குலம் திணித்துத் தருவதுதான் அவர் வழக்கம். கல்யாணச் சீருக்குப் போகிற மெத்தை மேடாக இல்லாவிட்டால் பெண் வீட்டாருக்கல்லவா தலைகுனிவு!

புது மெத்தை வந்த அன்று பழையது அலுவலக வாசலில் சாய்ந்து நின்றது. அடைக்கப்பன் உபசாரமாக, சும்மா ஒரு பேச்சுக்கு, "நீங்க வேணும்னா அத வீட்டுக்கு எடுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சரிங்கய்யா!"

வாக்கியம் முடியவில்லை. அடைக்கப்பன் வாய் திறந்தபடி நின்றது. அவர் மனைவி மெய்யம்மை ஆச்சி, ஊஞ்சலில் போட நன்றாக இருக்குமே என்று முதல்நாளே அந்த மெத்தைக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு வேண்டாம், இரண்டு வேண்டாம், அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நம்பி வாயைத் திறந்த மனிதர், என்ன செய்வார்? "நல்லது," என்றார். கலியாணசுந்தரம் அதற்குள் மெத்தையைத் தலையில் ஏற்றிக்கொண்டு காஜா பெராங் ரோட்டில் பாதி தூரம் போயிருந்தார்.

பூங்காவனம் அதைத் திருப்பிப் போட்டு, பள்ளம் அடியில் போகும்படி பலகைக் கட்டிலில் விரித்தாள். சிவப்புப் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். ரப்பர் வாசனை லேசாக இருந்தது. "நாம சொமந்த பாலு," என்றாள், மூக்கைச் சுளித்துக்கொண்டே. மறுநாள் காலை சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். எழுந்தவளுக்கே நம்பிக்கை வராமல், திரும்பப் படுத்து இன்னொரு தடவை எழுந்து பார்த்தாள். கலியாணசுந்தரம் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சந்தோஷத்தில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டார். இது அஞ்சு நாள் நடந்தது.

ஆறாம் நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை டூர். வண்டிமேல் புது மெத்தையைப் போட்டு மூடியை இறக்கினார்கள். மூடி வாய் பிளந்து நின்றது. கலியாணசுந்தரம் மேலே உட்கார்ந்தார். மருதமுத்துவைக் கூப்பிட்டு அவரையும் உட்கார வைத்தார்கள். கடைசியில் அடைக்கப்பனும் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மூன்று பேர் கனத்துக்குக் கொக்கி மாட்டியது; மூன்று பேரும் இறங்கியவுடன் கொக்கி தெறித்து, மூடி துள்ளித் திறந்துகொண்டது.

"பஞ்சக் கொஞ்சம் எடுத்துருங்களேன்," என்றார் அடைக்கப்பன்.

மருதமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தச்ச மெத்தையில பஞ்ச எடுக்கறதா? எங்கப்பாவே எடுத்ததில்ல. மூணு மாசம் படுங்கய்யா, தானா எறங்கும்."

மூன்று மாசம் படுத்தால்தான் இறங்கும், இறங்கினால்தான் மூடும், மூடினால்தான் டூர் போகலாம். அடைக்கப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். பஞ்சு மெத்தையைத் தன் வீட்டில் இறக்கச் சொன்னார். பிறகு, "உங்க வீட்டுப் பக்கமா ஒரு தடவ போயிட்டு வரலாமே," என்றார்.

கலியாணசுந்தரம் வண்டியை ஓட்டினார். மேலதிகாரி வீட்டுக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லலாம் என்பதற்கு நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

பூங்காவனம் ஓடி வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடைக்கப்பன் காப்பியை இரண்டு தடவை மறுத்து மூன்றாவதில் வாங்கிக்கொண்டார். கட்டிலைப் பார்த்தார்.

"மெத்தை சௌகரியமா இருக்காம்மா?"

"ஒங்க புண்ணியத்துல ராசாத்தி மாதிரி தூங்கறேங்கய்யா."

"அதான் வேணும்." காப்பியை ஊதினார். "எனக்குத்தான் கஷ்டம், சூசா. திங்கக்கெழம காட்டுக்குப் போவணும். புது மெத்த போட்டா மூடி மூட மாட்டேங்குது. பரவால்ல, வெறும் பலகையிலே படுத்துக்கிறேன். நாலு நாள்தானே."

"அய்யய்யோ, பலகையிலயா!" என்றாள் பூங்காவனம். மூன்று தலைமுறைப் பழக்கம் அவள் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "எங்களுக்கு எதுக்குங்கய்யா இதெல்லாம்? நீங்களே எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், சே சே அதெல்லாம் வேண்டாம்மா என்று அவர் சொல்லட்டும் என்று.

"சரிங்கம்மா," என்றார் அடைக்கப்பன்.

அவ்வளவு வேகமாக ஒரு சரியை அவர் போன திங்கட்கிழமை வரை கேட்டதே இல்லை. கற்றுக்கொடுத்தவர் வாசல்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

மெத்தையைச் சிவப்புப் பூ உறையோடு தூக்கினார்கள். ஒரு முனையைக் கலியாணசுந்தரம் பிடித்தார், இன்னொரு முனையைப் பூங்காவனமே பிடித்தாள். வாசலில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை அடைக்கப்பன் பார்த்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். உபசாரம் தெரிந்தவர், அவ்வளவுதான்.

"அந்தப் பஞ்சு மெத்த எங்க வீட்லே சும்மாத்தான் கெடக்கு. வேணும்னா குடுத்தனுப்பவா?"

"வேண்டாங்கய்யா," என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடைக்கப்பன் இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வண்டியில் ஏறிக்கொண்டார்.

கலியாணசுந்தரம் கிளப்பினார். மேலே மூடி கச்சிதமாக மூடியிருந்தது. உள்ளே அவள் ஐந்து நாள் படுத்த மேடு இருந்தது. சந்து முனையில் திரும்பப் போகும்போது கண்ணாடியில் பார்த்தார். பூங்காவனம் தெருவுக்கே வந்துவிட்டாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை ஆகாயத்தில். செட்டி வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்க, நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"ஐயா! வேணுங்கய்யா! அந்தப் பஞ்சு மெத்த எனக்கு வேணும்!"

கலியாணசுந்தரம் பிரேக்கை மிதித்தார். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டதில்லை.

"என்னவாம்?" என்றார் அடைக்கப்பன், நன்றாகக் கேட்டிருந்தும்.

"மெத்த வேணுமாங்கய்யா."

"அத... எறக்குனதுமே ஆச்சி கட்டில்லே போட்டு விரிப்பு விரிச்சிட்டாளே..." அடைக்கப்பன் கைக்குட்டையை எடுத்தார். "நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்..."

மெர்டேக்காவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கலியாணசுந்தரம் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். தெரு அமைதியாகிவிட்டது.

"நான் எப்ப வந்து எடுத்துக்கட்டுங்கய்யா?" என்று கேட்டார்.