ஒரு நிமிடத்தில் அடங்க வேண்டிய துடிப்பு

தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுபவள் நான். என் அக்கா அங்கே ஏணி ஏறுபவள். நாற்பத்தாறு வயதில், காற்று சிலிண்டரை முதுகில் சுமந்து ஆறு மாடி ஏறிவிட்டு, மேலே நின்று சாவகாசமாக என்னைத் திட்டுகிற ஆள். அவளுக்குத் தங்கையாக இருப்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

நிமோனியா வந்து மூன்று மாதம் அவளைப் படுக்கையில் போட்டது. திரும்ப ஏணிக்குப் போக ஒரு பரீட்சை வைத்தார்கள். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கிவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும். அடுத்த ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு குறைந்தபட்சம் பதினைந்து இறங்க வேண்டும். "ஓடுனா எல்லார் நெஞ்சும்தான் குதிக்கும். நின்னதும் எவ்வளவு சீக்கிரம் அடங்குதோ, அதுலதான் தெம்பு தெரியும்" என்றார் டாக்டர். அடங்காவிட்டால் ஏணி கிடையாது, தொலைபேசி மேசைதான்.

விடுவேனா? தினமும் காலையில் வீட்டில் அவளை ஏறி இறங்க வைத்தேன். அவள் உட்கார்ந்ததும் எதிரே முட்டிபோட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்பது, பத்துக்கு மேல் இறங்கியதே இல்லை.

"மூச்சை நல்லா விடுக்கா. இறங்குதா?"

"என்னைக் கேட்டா? நீதானே கையைப் பிடிச்சிருக்க."

அந்த மேசையில் உட்கார வைத்தால் அக்கா உள்ளுக்குள் நொறுங்கிப்போவாள்.

பரீட்சை நிலையத்தின் மாடி அறையில் நடந்தது. அக்காவின் விரலில் ஒரு கருவியை மாட்டியிருந்தார்கள். ஏறி இறங்கி அவள் உட்கார்ந்தபோது திரையில் நூற்று ஐம்பத்திரண்டு. வழக்கம்போல் எதிரே போய் முட்டிபோட்டேன். பத்து வினாடி போயும் நூற்று ஐம்பது. பாழாய்ப்போன எண் அசைய மாட்டேன் என்றது.

அப்போது பார்த்துத்தானா அபாய மணி அடிக்க வேண்டும்? ஓட்டுநர் இல்லாமல் வண்டி கிளம்பாது. அவளை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். பின்னால் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அக்கா உட்காரும் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

கதவு திறந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

"டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். நூத்தி இருபத்தேழு. எடு வண்டியை."

"மணி அடிச்சுமா இறங்குச்சு?"

"மணி அடிச்சதும் நீ எழுந்து போயிட்டல்ல, அப்புறம்தாண்டி இறங்குச்சு. ஒரு மாசமா என் எதிர்ல உட்கார்ந்து, நான் செத்துப்போயிடுவேன்ங்கற மாதிரியே பார்த்துட்டிருந்த."