மாமியாரின் வாக்குமூலம்

பேருந்துப் பணிமனைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, வண்டியைக் கழுவுகிறவர் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். "கை வைக்காதீங்க, கை வைக்காதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினாள்.

அவளுக்கு விபத்து விசாரணைப் பிரிவில் வேலை. பேருந்து எங்கே எதன் மீது மோதினாலும், பார்த்தவர்களை உட்காரவைத்துக் கேட்டு, என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று காலை ஒரு திருப்பத்தில் அந்த வண்டி ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து அவர் மருத்துவமனையில் கிடந்தார். டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று திருப்பத்திலிருந்த கடைக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கடைக்குள்ளிருந்து வெளியே வந்ததே சத்தம் கேட்ட பிறகுதான்.

யாரிடமும் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் இடத்தைப் பார்த்துவிடுவது அவள் வழக்கம். எந்த இருக்கையிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று தெரிந்தால்தான், சாட்சி சொல்வதில் பார்த்தது எவ்வளவு, கேட்டது எவ்வளவு என்று பிரிக்க முடியும். டிரைவருக்கு நேர் பின்னால் ஓர் ஒற்றை இருக்கை இருந்தது. நடுவில் டிரைவரின் தலை உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை. பணிமனை ஆள் ஒருவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, கையைத் தூக்குங்கள், இறக்குங்கள், காதில் வையுங்கள் என்றாள். பின்னாலிருந்து பார்த்தால் முழங்கை மட்டும் பலகையின் ஓரமாக எட்டிப் பார்த்தது. கையும் தெரியவில்லை, காதும் தெரியவில்லை. அந்த இருக்கையில் ஒரு வயதான அம்மா இருந்தார் என்று நடத்துனர் சொன்னார். அந்த அம்மாவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மாமியார் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு இவளுக்காகவே காத்திருந்தார்.

"வா வா. இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? முட்டி வைத்தியத்துக்குப் போனேனா, ஏறின பஸ்ல எப்பவும்போல டிரைவர் பின்னாடி சீட்டு..."

மருமகள் கையை நீட்டித் தடுத்தாள். "அத்தை, நிறுத்துங்க!"

"என்ன?"

"ஒரு வார்த்தை பேசாதீங்க. அது என் கேஸ். சொந்தக்காரங்க சாட்சியா இருந்தா நான் கேக்கக் கூடாது. கேட்டா மொத்தமும் கெட்டுப்போயிடும்."

"நீ கேக்க வேணாம். நானா சொல்றேன்."

"நீங்களா சொல்லவும் கூடாது."

மாமியாருக்கு முகம் தொங்கிப்போனது. "கரண்டி காணாமப் போனதுக்கு வீட்டையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ நீ. இன்னிக்கு நானா வாயைத் திறந்தா காதைப் பொத்திக்கிறே."

மறுநாள் கேஸ் கைமாறியது. பிரிவில் அவளைத் தவிர இருந்தது ஒருவர்தான். எல்லோரும் அவரை அவசரம் என்றே கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பவர். அவரை உட்காரவைத்து அவள் சொல்லிப் பார்த்தாள்.

"முதல்ல போய் அந்த சீட்ல உக்காந்து பாருங்க. பலகை மறைக்குது. போனைப் பத்தி நீங்களா ஆரம்பிக்காதீங்க. அவங்க போக்குல பேச விடுங்க. சுத்தி வளைச்சுத்தான் வருவாங்க, ஆனா வந்துடுவாங்க. நடுவுல நிறுத்தினா பயந்து, எதுக்கும் ஆமான்னு சொல்லிடுவாங்க."

"சரி மேடம், சரி மேடம்" என்றார் அவசரம். கண் கைபேசியில் இருந்தது. "பெரியவங்கதானே, பத்து நிமிஷ வேலை."

முட்டிவலிக்காரரை அலைய வைக்க வேண்டாம் என்று விசாரணையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை மருமகள் வீட்டில் இருக்கக் கூடாது. அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கூடத்து ஜன்னல் படிக்கட்டுப் பக்கம் திறந்திருந்தது. எழுந்து தள்ளிப் போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

"சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?" என்றார் அவசரம். ஆரம்பம் பரவாயில்லை என்று நினைத்தாள்.

"காலைல கிளம்பறப்பவே லேட்டு தம்பி. முட்டியை மடக்க முடியலை. கண்டக்டர் நல்ல மனுஷன், கையைப் பிடிச்சு ஏத்திவிட்டாரு. பையை மடியில வச்சுக்கிட்டு..."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. விஷயத்துக்கு வாங்க. திருப்பத்துல என்ன பாத்தீங்க?"

"திருப்பத்துலயா? அதுக்கு முன்னாடி ஒரு..."

அவசரத்தின் கைபேசி அடித்தது. எடுத்து யாரிடமோ, "வந்துட்டே இருக்கேன், இதோ முடிஞ்சுது" என்றார். மருமகள் படியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆங், சொல்லுங்க. டிரைவர் போன் பேசிட்டுதானே இருந்தாரு? பஸ்ஸு வேகமா வந்துச்சா? கையைக் காதுகிட்ட வச்சிருந்தாரா?"

மூன்று கேள்வியில் எதற்குப் பதில் சொல்வது என்று மாமியார் விழிப்பது படியிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும், தானாக வரும் என்று பல்லைக் கடித்தாள்.

"ஆமாதானேம்மா?" என்றார் அவசரம்.

"ஆமா... கை தூக்கியிருந்த மாதிரிதான் இருந்துச்சு."

"அவ்வளவுதாம்மா. இங்க ஒரு கையெழுத்து."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு மருமகள் உள்ளே வந்தாள். மாமியார் சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. "நல்ல புள்ளை" என்றார். "நான் சொல்ல வேண்டியதையும் அவனே சொல்லிட்டான்."

அந்த வாரமே டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் அலுவலக வராந்தாவில் அவளை மறித்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"மேடம், உங்க மாமியார்தான் சொன்னாங்களாமே. நான் போனைத் தொடவே இல்லை. வெயில் மூஞ்சில அடிச்சுது, கண்ணாடி மேல இருக்கிற வெயில் மறைப்பை இழுத்துவிட்டேன். அவ்வளவுதான். அவங்களை ஒரு தடவை நல்லா கேளுங்களேன்."

"உங்ககூட இதைப் பத்தி நான் பேசக் கூடாதுங்க."

"அப்ப யாருகிட்டதான் பேசறது?"

அவள் கடந்து போனாள். அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். இவள் கேட்காததை ஊரே கேட்டது. எதிர்வீட்டுக்காரி, தையல்காரர், முட்டி வைத்தியத்தில் பக்கத்துப் படுக்கைக்காரி என்று மாமியார் ஒருவரையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. முதல் நாள் தூக்கிய கை, பிறகு கையில் போன், பிறகு போனில் சிரிப்பு.

"அம்மா முந்தாநாள் வெறும் போன்னு சொன்னாங்க" என்றான் அவள் கணவன். "இன்னிக்குக் கறுப்பு போன்ங்கிறாங்க."

"என்கிட்ட சொல்லாதீங்க! எனக்குத் தெரியவே கூடாது!"

"சரி, சரி. என் மேல ஏன் பாயறே?"

மறுநாள் அவள் பிரிவுத் தலைவர் அறைக்குள் போனாள். வேறு ஒருவரை வைத்து மறுபடி கேட்க வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பாருங்கம்மா, மாமியார் மருமக சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க."

"சண்டையே இல்லை சார். பேச்சே இல்லை. அதான் பிரச்சினை."

"சாட்சி கையெழுத்துப் போட்டாச்சு. முதல்ல சொல்றதுதான் சுத்தமா இருக்கும். நீங்களேதான் ட்ரெயினிங்ல சொல்லுவீங்க."

"முதல்ல *அவங்க* சொல்றது சார். இது அவங்க சொன்னது இல்லையே." மேஜையிலிருந்த வாக்குமூலத் தாளை அவர் முன் நகர்த்தினாள். "படிங்க. 'ஓட்டுநர் கைபேசியில் உரையாடியவாறு பேருந்தை அதிவேகமாக இயக்கியதை நேரில் கண்டேன்.' என் மாமியார் பிறந்ததுல இருந்து 'உரையாடியவாறு'ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை சார். மூணு கேள்வியை ஒண்ணா கேட்டு, ஒரு ஆமாவை வாங்கி, மூணுக்கும் பங்கு போட்டிருக்கு."

அவர் சிரித்துவிட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதரின் வேலை போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குச் சிரிப்பு. ஆனால் சிரித்தவர் இறங்கியும் வந்தார். வேறு கிளையிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைப்பதாகவும், அவள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் சொன்னார்.

வந்த அதிகாரி நிறைமாதக் கர்ப்பிணி. மெதுவாகத்தான் நடந்தாள், மெதுவாகத்தான் பேசினாள். விசாரணையைப் பணிமனையில் நின்ற அதே பேருந்துக்குள் வைத்துக்கொண்டாள். அன்று அங்கே நடந்ததை, கேஸ் முடிந்த பிறகு ஒலிப்பதிவில்தான் மருமகள் கேட்டாள்.

முதலில் வெகுநேரம் பிரசவப் பேச்சு. எத்தனையாவது, கால் வீங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று மாமியார்தான் விசாரித்தார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, அன்னிக்கு நான் இங்க இல்லை. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க பஸ் ஏறினதுல இருந்து உங்க இஷ்டப்படி சொல்லுங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொன்னா போதும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

மாமியார் மளமளவென்று ஆரம்பித்தார். கறுப்பு போன், காது, சிரிப்பு எல்லாம் வந்தன. அந்தப் பெண் மறுக்கவில்லை, குறுக்கிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்காரச் சொன்னாள். பையை மடியில் வைக்கச் சொன்னாள். கண்ணை மூடி, என்ன சத்தம் கேட்டது என்று மட்டும் யோசிக்கச் சொன்னாள்.

"ஹாரன்" என்றார் மாமியார். "ரெண்டு தரம். அப்புறம் டிரைவர் சத்தம் போட்டாரு, ஓரம் போ, ஓரம் போன்னு. அப்புறம்தான் டமார்னு."

"அப்ப கண்ணுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"முழங்கை. தூக்கின முழங்கை."

"அந்த போனை எப்ப பாத்தீங்கம்மா?"

பதிவில் நீண்ட மௌனம். எங்கோ ஒரு வண்டி பின்னால் நகரும் சத்தம். அந்தப் பெண் அந்த மௌனத்தை உடைக்கவே இல்லை.

"இந்தப் பலகை மறைக்குதே" என்றார் மாமியார் கடைசியில். குரல் மாறியிருந்தது. "நான்... போனைப் பாக்கலையேம்மா. எப்படிச் சொன்னேன்? அந்தத் தம்பி போன் போன்னு கேட்டாரு. அப்புறம் எனக்கும் போன் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அப்ப நான் பொய் சொல்லிட்டேனா? வீடு வீடா போய்ச் சொன்னேனே!"

"பொய் இல்லைம்மா. கேட்ட விதம் அப்படி. தண்ணி குடிங்க."

"அப்ப கையை எதுக்குத் தூக்கினாரு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலை."

"அப்ப தெரியலைன்னே எழுதிக்கிறேன்."

போன் குற்றச்சாட்டு நிற்கவில்லை. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காததற்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்து, டிரைவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று மருமகள் நினைத்தது ஒரு பொழுதுகூட நீடிக்கவில்லை. மருமகளின் வேலைக்காகக் கிழவி பேச்சை மாற்றிவிட்டாள் என்று கடைக்காரர் சொன்னதாகத் தையல்காரர் வந்து சொன்னார். "அவங்க முன்னாடியே சரியா சொல்லியிருக்கலாமே மேடம், எல்லாருக்கும் ரெண்டு வேலை" என்றார் அவசரம். அவள் கையிலிருந்த பேனாவை மேஜையில் வீசிவிட்டு வெளியே போய் நின்றாள்.

மாமியார் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் புடவை மாற்றிக்கொண்டு, யார் யாரிடம் கறுப்பு போன் கதையைச் சொன்னாரோ அத்தனை பேரிடமும் போனார். போனை நான் பார்க்கவில்லை, பார்த்தது முழங்கைதான் என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னார். எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். சிலர் தலையாட்டினார்கள், நம்பவில்லை.

"விடுங்க அத்தை, போதும்" என்றாள் மருமகள்.

"போதாது. அடிபட்டவன் வீடு பாக்கி. நீ வரியா, நான் தனியா போகட்டுமா?"

கேஸ் முடிந்துவிட்டது. தடுக்க விதி எதுவும் இல்லை. இரண்டு பேரும் போனார்கள். சைக்கிள்காரர் கையைக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமியார் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை அவர் தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைம்மா" என்றார். "டாக்டர் கேட்டாரு, போலீஸ் கேட்டாங்க. எல்லாமே வெள்ளையா இருக்கு. ஹாரன் அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க. ரெண்டு தரம்."

"அப்ப என் மேலதான் தப்புன்றீங்களா?"

மருமகள் வாயைத் திறந்தாள். மாமியார் அவள் மணிக்கட்டை அழுத்தினார்.

"அது எனக்குத் தெரியாதுப்பா. ஹாரன் கேட்டுச்சு. முழங்கை தெரிஞ்சுது. அதுக்கு மேல நான் ஒண்ணும் பாக்கலை."

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் அவர். குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. எழுந்து, நல்ல கையால் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போவதற்காக நின்றார்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் நிற்க இடமில்லை. வந்த இரண்டு வண்டிகளும் நிற்காமல் போயின. "கொஞ்ச தூரம் நடப்போம்" என்றார் மாமியார். மருமகளின் தோளில் கையைப் போட்டு, வலிக்கிற காலை இழுத்து இழுத்து நடந்தார். அடுத்த நிறுத்தம் வரை மருமகளும் அந்தக் காலுக்கு ஏற்றபடி மெதுவாகவே நடந்தாள்.