பிரவீனாவின் இடது இமை

ஊரடங்கு முடிந்து வியாபாரம் தலைதூக்கிய வருடத்தில், வெண்ணந்தூர்ப் பொரிப்பகம் ஒன்றில் பன்னிரண்டாயிரம் முட்டைகளுக்கு மூன்று நாள் சூடு காத்தது பிரவீனாவின் இடது இமை.

கறிக்கடைகள் மறுபடி திறந்திருந்தன. பண்ணைக்காரர்கள் குஞ்சு கேட்டு வந்தபடி இருந்தார்கள். சும்மா கிடந்த இயந்திரத்தைப் பிரவீனாவும் கணவன் பாலசுந்தரமும் துடைத்து முட்டை அடுக்கினார்கள். பொரிய இன்னும் மூன்று நாள் இருக்க, பதினெட்டாம் நாள் காலையில், சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டில் நகத்தளவு சிப் ஒன்று கருகியது. உலகத்திலேயே சிப் தட்டுப்பாடு என்றார் சேலத்துக் கடைக்காரர். "அம்பத்திரண்டு வாரமாகுமுங்க."

"அதுக்குள்ள குஞ்சு பேரன் பேத்தி எடுத்துருமுங்க!" என்று போனை வைத்தான் பாலசுந்தரம். இந்த ஈட்டு முட்டைகள் செத்தால், முட்டை தரும் பண்ணை இனி அவர்களை வாசலில் சேர்க்காது.

பொரிப்பகத்தார் முட்டையை மூடிய இமையில் ஒற்றிச் சூடு பார்ப்பது வழக்கம். பிரவீனாவும் இடது இமையில் ஒற்றினாள். "சூடு பத்தல" என்றாள். போர்டு செத்துக் கிடந்தும், அவள் சொல்லுக்கு ஹீட்டர் சிவந்தது. சற்றுப் பொறுத்து, "மிஞ்சிருச்சு" என்றாள். ஹீட்டர் அணைந்து காற்றாடி சுழன்றது. பாலசுந்தரமும் தன் இமையில் வைத்துச் சொல்லிப் பார்த்தான். இயந்திரம் அவனை மதிக்கவில்லை. "ஊட்டுலயும் இதே கதைதான்" என்றான்.

அதன்பின் அவள் இமையை விட்டு முட்டையை எடுக்கவில்லை. மாமியார் பெருமாயி சோறு ஊட்டினாள். கண் செருகியபோதெல்லாம் பாலசுந்தரம் முகத்தில் தண்ணீர் அடித்தான். மூன்றாம் நாள் மதியம் களைப்பில் நாக்குப் பிசகி, கொதிக்கும் முட்டையைப் பத்தல என்றுவிட்டாள். ஹீட்டர் இன்னும் சிவந்தது. அவள் பதறித் திருத்துவதற்குள் அறையில் வெந்த வாடை.

"அடைக்கோழியே கால் மணி எந்திரிச்சுப் போயித் தீனி திங்குது. நீ படு சாமி" என்றாள் பெருமாயி.

"முட்டை செத்துரும் ஆத்தா!"

"கோழிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்?"

பிரவீனா வெறுந்தரையில் சாய்ந்தாள். ஹீட்டரும் காற்றாடியும் அடங்கின. பாலசுந்தரம் இயந்திரக் கதவில் காதை வைத்து, மூச்சைப் பிடித்து நின்றான். அந்தக் கால் மணி முடியுமுன் உள்ளே ஒரு கீச்சொலி, பிறகு பத்து. விடிவதற்குள் ஐந்நூறு முட்டை போக மற்றவையெல்லாம் பொரிந்தன.

மறுவருடம் சிப் வந்தது. பொருத்தியும், அவள் சொல்லாமல் ஹீட்டர் சிவக்கவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்தில் நான்கு பொரிப்பகங்கள் போனில் பிரவீனாவின் சொல்லைக் கேட்டு ஓடின. மதியம் அவள் தூங்கும் கால் மணி நேரம் ராசிபுரம் வரை இயந்திரங்கள் நிற்கும். ஆட்கள் டீ குடிக்கப் போவார்கள்.