மைனஸ் நாற்பது

என்னைப் பெட்ரோல் திருடன் என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. அமலராணி டீச்சரின் காரை ஆறு வருஷமாக ஓட்டுகிறேன். சென்னையிலிருந்து அவர் மகன் பிரிட்டோ போனில் பேசும்போது மட்டும், "டேங்க் ரொப்பி ஒரு வாரம்கூடத் தாங்கலியாம்மா? மருதைகிட்ட கேட்டீங்களா?" என்று குரல் வெளியே கேட்கும். டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். கேட்டால்தானே நான் பதில் சொல்ல முடியும்? கேட்கவும் மாட்டார்கள்.

வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நானாகவே சொல்லிப் பார்த்தேன். இஞ்சின் கோளாறு என்று மஞ்சள் விளக்கு எரிவதையும் காட்டினேன். டீச்சர் பதிலுக்கு, சூடு காட்டும் முள்ளைக் காட்டினார். "முள்ளு அடியிலேயே கெடக்கு பாரு. இந்த வெயில்லயும் இஞ்சின் சூடாகல. வண்டி நல்லாத்தான் இருக்கு." மே மாதத் திருச்சியில் முள் ஏறாத வண்டி என்றால் எங்களுக்கெல்லாம் பெருமை. மற்ற டிரைவர்களிடம் நானே பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஸ்ரீரங்கத்தில் தோழி அனுசுயாவைப் பார்த்துவிட்டு டீச்சர் ஏறி உட்கார்ந்தால், வண்டி கிளம்ப மறுத்தது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருகியதும் கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம் அடித்தது. காவிரிப் பாலத்தில் ஏறும்போது சொல்லிவிட்டேன்.

"இந்த மாசத்தோட நின்னுக்கறேன் டீச்சர். அதுக்கு முன்னாடி வண்டிய மெக்கானிக் ஹாலித்கிட்ட காட்டிடலாம். திருடன்னு பேர் வாங்கிட்டுப் போகமாட்டேன்."

நேரே அங்கேயே வண்டியை விட்டேன்.

அரியமங்கலத்துப் பட்டறையில் ஹாலித் வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினான். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அண்ணே, உங்க இஞ்சின் மைனஸ் நாப்பது டிகிரியாம். வண்டி திருச்சியிலதான் நிக்குதா, இமயமலையிலயா?"

இஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அப்படிக் கொதித்தது. இஞ்சின் சூட்டை அளக்கும் கூலண்ட் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்தான். திரையில் எண் மடமடவென்று உச்சத்துக்கு ஏறியது.

"ஒயர் நல்லாருக்கு. சென்சார்தான் செத்துப்போச்சு. இஞ்சின் ஜில்லுன்னு இருக்குன்னு நம்பி, வண்டி தேவைக்கு மேல பெட்ரோல ஊத்துது. முள்ளு ஏறாததும் அதாலதான்."

புது சென்சார் மாட்டியதும் முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. டீச்சர் அங்கேயே மகனுக்குப் போன் போட்டார். "பிரிட்டோ, மருதை எடுக்கலடா. மிஷின்லயே காட்டிருச்சு."

சந்தோஷம் வரவேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷம் ஓட்டியவன் சொன்னபோது காதில் ஏறவில்லை, மிஷின் சொன்னால் ஏறுகிறது.

"மிஷின்ல ஒண்ணும் காட்டலன்னா, டீச்சர்?" என்றேன்.

உன்னைச் சந்தேகப்படவே இல்லையே என்று அவர் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சமாளிப்பார்கள். டீச்சர் என் முகத்தை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன நெனச்சிருப்பேன்னு தெரியலப்பா. அதான் எனக்கு வெக்கமா இருக்கு."

வலித்தது. ஆனால் அதில் பொய் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க டீச்சர், வெயில் ஏறுது" என்றேன். நின்றுகொள்கிறேன் என்ற பேச்சை அதன்பிறகு நான் எடுக்கவில்லை.