மூன்று தட்டு

உடுப்பு கசங்கிவிடும் என்று என் மகன் லெயாந்த்ரோ சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டான். அவன் வந்த கறுப்புக் கார் கோவில் நிழலில் நின்றது. ஓட்டுநர் உள்ளே வர மறுத்துவிட்டார். அன்று புனித ரோக் திருநாள். பட்டணத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்களும் வருகிறார்கள் என்றான்.

அவன் மாகாண அரசின் துணைத் தலைவர். பெரிய கட்சிக்கு ஆட்சியமைக்க ஆள் போதவில்லை. இவனுடைய சின்னக் கட்சி கை கொடுத்தது. அதற்குக் கிடைத்தது இந்த நாற்காலி. அன்று நான் மதுக்கடையில் ஊருக்கே ஊற்றினேன். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவன் உயர்ந்ததில்லை. அவன் தேர்தலில் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: ஊர் மருத்துவமனையை மூடவிடமாட்டேன். வசந்தத்தில் மூடினார்கள். ஜூலையில் ரொட்டிக்கடை மாக்சிமோவுக்கு நெஞ்சு வலித்தது. பட்டணத்து ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவன் மனைவி விசித்தா அவன் கண்களை மூடியிருந்தாள். அதற்குப் பிறகு மதுக்கடையில் நான் நுழைந்தால் சீட்டாட்டம் அமைதியாகிவிடும். ஒருநாள் அமைதியாகுமுன், சீட்டாடிக்கொண்டிருந்த காயோவின் குரல் கேட்டுவிட்டது. "ஸ்டெப்னி டயராவது பஞ்சரான அன்னிக்கு உதவும்டா. இந்தத் துணைத் தலைவர் எதுக்கு?" நான் என் காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"ஆஸ்பத்திரிய மூடுற உத்தரவுல நீ கையெழுத்துப் போட்டியா?" என்று சமையலறையில் மகனிடம் கேட்டேன்.

"அது சுகாதாரத் துறைப்பா. எங்கிட்ட எந்தத் துறையும் இல்ல. தலைவருக்கு நேரமில்லாத எடத்துக்கு நான் போவேன். அவ்வளவுதான்."

"விலகியிருக்கலாமே."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "விலகினா என்ன, வேற ஒருத்தன் உக்காருவான். அப்பா, சதுக்கத்துல சாமிய எம்பக்கம் திருப்புவீங்கல்ல? அத மட்டும் செய்ங்க."

எங்கள் ஊரில் புனிதரின் சப்பரத்தை நடத்துவது கோல்காரன். நோயில் கிடந்த புனிதருக்கு ரொட்டி கொண்டுவந்த நாயும் மரச்சிலையாக அவர் காலடியில் இருக்கும். என் பாட்டனார் காலத்திலிருந்து அந்தக் கோல் எங்கள் வீட்டில் இருக்கிறது. கல்லில் ஒரு தட்டு என்றால் தூக்க வேண்டும். இரண்டு என்றால் நிற்க வேண்டும். மூன்று என்றால் புனிதரின் முகத்தைத் திருப்ப வேண்டும். அந்த ஆண்டு நோயோ சாவோ கண்ட வீட்டு வாசலுக்குத் திருப்புவோம். ஊராட்சி மன்றப் படியில் நிற்கும் பெரியவர்களுக்கும் மரியாதையாகத் திருப்புவோம். சப்பரம் தூக்குகிறவர்கள் பேசக் கூடாது. கோல் சொல்வதைத் தோள் செய்யும்.

கோவிலை விட்டுப் புறப்படும்போது முன்தண்டைத் தோளில் வாங்கிய காயோ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேளமும் குழலும் முன்னால் போயின. விசித்தா கறுப்பு உடையில் பெண்களின் கடைசி வரிசையில் நடந்தாள்.

சதுக்கத்தில் லெயாந்த்ரோ மேயருக்கும் மேலே ஒரு படியில் தனியாக நின்றான். கேமராக்கள் அவனை நோக்கியிருந்தன. அவன் தாய் இருந்திருந்தால் அழுதிருப்பாள். நான் இரண்டு தட்டினேன், சப்பரம் நின்றது. மேளம் ஓய்ந்தது. மாக்சிமோவை நினைத்தேன். அவன் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு திருநாளுக்கும் முதல் ரொட்டி என் வீட்டுக்குத்தான் வரும். நினைத்துக்கொண்டே மூன்று தட்டினேன். என் இரத்தம் அந்தப் படியில் நிற்கும்போது வேறெதுவும் செய்ய எனக்குத் தெரியாது. இன்றும் அதில் வெட்கமில்லை.

சப்பரம் அசையவில்லை.

மறுபடி மூன்று தட்டினேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி தட்டினேன். காயோவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. ஒருவனும் திரும்பவில்லை. லெயாந்த்ரோ வணங்குவதற்காகத் தலையைப் பாதி தாழ்த்தியிருந்தான். அதை நிமிர்த்துவதா இன்னும் தாழ்த்துவதா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான்.

பிறகு நான் தட்டாமலே அவர்கள் நடந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். கோல்காரன் பின்னால் நடக்கும் வழக்கமில்லை. ரொட்டிக்கடைத் தெரு முனையில் முதுகுக்குப் பின்னால் காலடிகள் நின்றன. திரும்பினேன். கோல் என் கையில் தரையைத் தொடாமல் இருந்தது. சப்பரம் மெதுவாக, தண்டுகள் முனக, மாக்சிமோவின் மூடிய கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. புனிதரின் காலடியில் நிற்கும் அந்த மரத்தாலான நாய், வாயில் கவ்விய ரொட்டியை அந்தக் கதவுக்கு நீட்டியது.