சலித்துப் போட்ட பொடி

கொல்லம் ஆண்டு 1113. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் தாணுப்பிள்ளை ஒரு தேங்காயெண்ணெய் மில் நடத்திவந்தார். அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர்கள் இரண்டு பேர். கோலப்பன் பழைய ஆள்; ஞானையன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஞானையனைக் கண்டாலே கோலப்பனுக்கு வயிறு எரியும். அவன் சிரித்தாலும் பிடிக்காது, சும்மா நின்றாலும் பிடிக்காது. முதலாளி அவனைக் கூப்பிடும்போது குரலில் ஒரு குழைவு. தன்னைக் கூப்பிடும்போது அந்தக் குழைவு எங்கே போய்த் தொலைகிறது?

அந்தச் சமயம் மில்லுக்குப் புது இயந்திரங்கள் வந்தன, ஆளுக்கொன்று. மேஸ்திரி வேலை காலியாக இருந்தது. யாருடைய இயந்திரம் சூடாகாமல் ஓடுகிறதோ அவனே மேஸ்திரி என்று தாணுப்பிள்ளை சொல்லிவிட்டார்.

இரண்டுமே சூடாயின. புதுப் பல்சக்கரங்கள், பற்களின் முகத்தில் வெட்டிய தடங்கள் வரிவரியாக அப்படியே இருந்தன. எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அந்த மேடுகள் எண்ணெயைத் தாண்டி ஒன்றோடொன்று உரசி ஊளையிட்டன. பல்சக்கரப் பெட்டிமேல் கை வைக்க முடியாது. ஆனால் ஞானையனுடையது கொஞ்சம் தேவலை. அந்தக் கொஞ்சத்தைத்தான் கோலப்பனால் பொறுக்க முடியவில்லை. நேற்று வந்த பயலை மேஸ்திரி என்று கூப்பிடுவதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் எமரிப் பொடி வாங்கினான். இரும்பையே அரைத்துத் தின்கிற பொடி. ஞானையனின் எண்ணெயில் விழுந்தால் சக்கரம் ஒழிந்தது. ஆனால் அந்தப் பயலுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் எண்ணெயை விரலில் தொட்டு உரசிப் பார்ப்பான். துளி மணல் நெருடினாலும் பிடித்துவிடுவான். ஆகவே கோலப்பன் பொடியைப் பழைய வேட்டித் துணியில் சலித்தான். போதாதென்று மறுபடியும் சலித்தான். திருநீறு போல ஆன பிறகுதான் அவனுக்குத் திருப்தி.

ஞானையன் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து கொட்டினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று மத்தியானச் சோறு ருசித்தது.

சாயங்காலம்வரை இயந்திரம் ஓடியது. நிறுத்திய பிறகு ஞானையன் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தான். கறுத்திருந்தது, நெருடவில்லை. எண்ணெய் கெட்டுப்போயிற்று என்று நினைத்து முழுவதையும் வடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் தாணுப்பிள்ளை வந்தபோது ஞானையனின் இயந்திரத்தில் ஊளைச் சத்தமே இல்லை. பெட்டிமேல் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னடே செய்தே, ஞானையா? பச்சத்தண்ணி மாதிரி இருக்கு!"

இயந்திரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தார்கள். பற்கள் பளபளத்தன. வரிகளைக் காணோம். கோலப்பனும் எட்டிப் பார்த்தான், பார்த்ததுமே விளங்கிவிட்டது. பல்லைத் தின்னப் போட்ட பொடி, அத்தனை தடவை சலித்து நைசாகிவிட்டதால், மேடுகளை மட்டும் மழித்து மெருகேற்றியிருக்கிறது.

"நான் ஒண்ணும் செய்யல்ல மொதலாளி," என்றான் ஞானையன். "எண்ணெய மாத்துனேன், அவ்வளவுதான். கர்த்தருக்க கிருபை."

"பாத்தியா, அவனுக்க அடக்கத்த!" என்று தாணுப்பிள்ளை அவன் தோளில் தட்டினார். "இனி நீதாண்டே மேஸ்திரி."

அந்தத் தட்டுதான் கோலப்பனை முறித்தது. தன் வேலை, தான் சலித்த பொடி. புகழ் மட்டும் அவனுக்கா?

"அவன் என்ன செஞ்சான்?" என்று கத்தினான். "நானாக்கும் செஞ்சது! எமரிப் பொடிய வேட்டியில சலிச்சு நானாக்கும் இதுக்குள்ள போட்டது! இவனுக்கு என்ன தெரியும்?"

மில்லில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோலப்பன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கொஞ்ச நேரம் அவனுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

தாணுப்பிள்ளை அவனையே பார்த்தார். பிறகு, அந்தப் பக்கம் ஊளையிட்டுக் கொதித்துக்கொண்டிருந்த கோலப்பனின் இயந்திரத்தைப் பார்த்தார்.

"அப்படியாடே? அப்பம் ஒனக்கதுல ஏன் போடல்ல?"